கலாசாலை வானொலி விலைப்பொருளாமோ?

ஒரு கலாசாலையின் உடைமைகள் யாவை என்று வினவினால், நிலம், கட்டிடம், புத்தகசாலை, ஆராய்ச்சிக்கூடம், விளையாட்டு மைதானம், மூலதன நிதி என்று நாம் விரல் மடக்கி எண்ணுவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பல கலாசாலைகளுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் இவற்றோடு மற்றொன்றும் உண்டு. அது கண்ணாற் காண முடியாதது. வேலியிட்டு அடைக்க முடியாதது. ஆயினும் பெருந்தொகை பெறக்கூடியது. வானவெளியில் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ஒலிபரப்பும் உரிமையே அஃது. அவ்வுரிமையைக் கொண்டு அவற்றுட் சில, இரவும் பகலும் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தைப் பொதுமக்களுக்கு வழங்கி வருகின்றன. அத்தகைய உரிமையைக் கலாசாலையானது தான் வேண்டியபோது விற்றுப் பணமாக்கிக் கொள்ளலாமா என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். ‘எங்கோ ஒரு தேசத்தில் எவரோ எதையோ விற்றால் நமக்கென்ன?’ என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். பிறர் ஈந்த பொருளால் வளர்ந்த கல்வி நிலையம் எதுவாயினும் அதற்கு இக்கேள்வியோடு உறவுண்டு. நமது கலாசாலையும் அவ்வாறு வளர்ந்ததே என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

மின்னெசோட்டா மாகாணத்தில் நார்த்பீல்டு என்றொரு சிற்றூர் உளது. அங்கே நார்வே தேசத்திலிருந்து குடியேறிய லுத்தரன் சபையார் 1874-ம் ஆண்டில் ஒரு பள்ளியை நிறுவினர். அதுவே வளர்ந்து செயிண்ட் ஓலாப் கலாசாலை ஆயிற்று. பாட்டுக்குப் பேர்போன கலாசாலை அது. எப். மெலியஸ் கிறிஸ்தியான்சன் என்ற நார்வீஜிய இசைப்புலவர் 1912-ல் அங்கே அமைத்த பாடகர் குழு, பக்கவாத்தியம் ஏதுமின்றி மிடற்றொலி ஒன்றாலேயே சபையோரை மெய்ம்மறக்கச் செய்து, கடல் கடந்த நாடுகளிலும் புகழ் பெற்றது. அதே ஆண்டில் தொடங்கிய கிறிஸ்துமஸ் இசைவிழா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

இக்கலாசாலையின் பௌதிகசாஸ்திர மாணாக்கர் 1918-ல் தம் ஆசிரியரோடு கூடிக் கம்பியில்லாத் தந்திக் கருவியொன்றை அமைத்துச் சோதனை செய்யலாயினர். விளையாட்டுப்போலத் தொடங்கிய அச்சோதனைக்கு 1922-ல் முறையான லைசென்ஸ் கிடைத்தது. டபிள்யூ. ஸி. ஏ. எல். என்பது அந்நிலையத்துக்கு இடப்பட்ட அழைப்பெழுத்து. அக்காலத்தில் வானொலி நிலையம் நடத்துவது எளிய காரியமன்று. கருவிகள் அடிக்கடி பழுதாகும், சட்டம் மாறும், இன்று கொடுத்த அலைவரிசையை நாளை பிடுங்கிக் கொள்வர். அமெரிக்காவிற் கல்வி நிலையங்கள் 1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும் பெற்ற லைசென்ஸுகள் 200-க்கு மேற்பட்டவை. அவற்றிற் பெரும்பகுதி 1936-ம் ஆண்டுக்குள் கைவிடப்பட்டன, அல்லது வியாபாரிகள் கையிற் சேர்ந்தன. அந்தப் புயலில் தப்பிப் பிழைத்த சிலவற்றுள் செயிண்ட் ஓலாப் நிலையமும் ஒன்று. மின்னெசோட்டா சர்வகலாசாலையின் நிலையத்தோடு ஒரே அலைவரிசையைப் பகற்பொழுதிற் பங்கிட்டுக்கொண்டு நெடுங்காலம் அது வாழ்ந்தது. ஒரே கிணற்றில் இரண்டு வீட்டார் முறைவைத்து நீரிறைப்பதைப் போன்றதே அவ்வேற்பாடு.

தப்பிப் பிழைத்தது எதனால்? நேயர்களால். நிலையத்துக்குப் புதிய கருவி வேண்டுமென்று 1920-களிலேயே கலாசாலை கையேந்தியது, கேட்டவர்கள் கொடுத்தார்கள். விளம்பரக்காரர் பணத்தாலன்றிக் கேட்போர் நன்கொடையால் வாழ்ந்த வானொலி நிலையங்களுள் முதலாவது இதுவே என்று கருதுவாரும் உளர். முதலாவதோ இரண்டாவதோ, அது பெரிதன்று. பனி மூடிய மாரிக்காலத்தில் ஆலயத்துக்குச் செல்லமாட்டாத முதியவர்கள் ஞாயிறு காலையில் ஆராதனையைக் கேட்டதும், கிறிஸ்துமஸ் விழாவின் இசையைப் பண்ணை வீட்டிலிருந்தே செவிமடுத்ததும், இந்நிலையத்தின் வாயிலாகத்தான். கொடுத்தவர்கள் கலாசாலையின் மூலதன நிதிக்கென்று கொடுக்கவில்லை, வானொலிக்கென்று கொடுத்தார்கள். இந்த வேற்றுமையை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

1960-களின் பிற்பகுதியில் பண்பலையிலும் ஒலிபரப்பத் தொடங்கி, 89.3 மெகாஹெர்ட்ஸில் மினியாப்பொலிஸ், செயிண்ட் பால் என்னும் இரட்டை நகரங்களுக்கும் எட்டும்படி அந்நிலையம் வளர்ந்தது. 1971-ல் தேசியப் பொது வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அதன் தொடக்கக்கால உறுப்பு நிலையங்களுள் இதுவும் ஒன்றாயிருந்தது. சாஸ்திரீய சங்கீதமும் ஆலய கீதங்களுமே அதன் உயிர். இவ்வாறு எண்பது ஆண்டுக்கு மேல் பேணப்பட்ட நிலையத்தை 2004-ம் ஆண்டில் கலாசாலையின் ஆட்சிக் குழுவினர் மின்னெசோட்டா பொது வானொலிக்கு 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பழைய நிலையத்தின் குரல் ஓய்ந்தது. 2005-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அதே 89.3-ல் இக்காலத்து இளைஞர் விரும்பும் ராக் முதலிய பாட்டுக்களுக்கான புதிய நிலையம் எழுந்தது. அது இன்றும் நன்றாகவே நடந்து வருகின்றது. அதற்கென்று அன்பர் கூட்டமும் உண்டு. அவர்கள்மேல் எனக்குப் பகையில்லை.

விற்றவர்கள் பக்கத்து நியாயத்தையும் நேர்மையோடு எடுத்துரைத்தல் கடமை. கலாசாலையின் முதற்பணி மாணாக்கர்க்குக் கல்வி புகட்டுதல். வானொலியோ பெரும்பாலும் கலாசாலைக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பயன்படுவது. மாணாக்கர் சம்பளம் ஆண்டுக்காண்டு உயர்ந்துவரும் ஒரு நாட்டில், அந்தப் பணத்தை மூலதன நிதியிற் சேர்த்து, அதன் வருவாயைக் கல்விக்குச் செலவிட்டால் அதுவும் தருமந்தானே? மேலும், வாங்கிய மின்னெசோட்டா பொது வானொலியே இரட்டை நகரங்களில் வேறொரு அலைவரிசையில் சாஸ்திரீய சங்கீதத்தை இடைவிடாது வழங்கிக்கொண்டிருந்தது; ஆகையால் அந்நகரத்தார்க்குப் பாக்கும் பீத்தோவனும் இல்லாமற் போய்விடவில்லை. செயிண்ட் ஓலாப் தயாரித்துவந்த ஆலய கீத நிகழ்ச்சியும் நின்றுவிடவில்லை; பிற நிலையங்களின் வாயிலாக ஒலித்து வருகின்றது. இவையெல்லாம் மறுக்கத்தக்க வாதங்களல்ல. ஆட்சிக் குழுவினரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது எளிது, அப்பழிப்பு நியாயமாகாது. கல்லூரிக் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர்களின் நிலை, வெளியிலிருந்து கட்டுரை எழுதுவோர்க்கு விளங்காது.

ஆயினும், அவர்கள் விற்றது என்ன? அதைச் சிறிது உற்று நோக்குவோம். பழைய இசைத்தட்டுக்களும், ஒலிபரப்புக் கருவியும், இரும்புக் கோபுரமும் 1 கோடி டாலர் பெறுமா? பெறா. வாங்கியவர்கள் விலை கொடுத்தது 89.3 என்ற எண்ணுக்கு. அந்த எண் கலாசாலைக்கு எங்கிருந்து வந்தது? பண்பலையின் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை வியாபார நோக்கமற்ற கல்வி ஒலிபரப்புக்கென்றே அமெரிக்க அரசாங்கத்தார் 1945-ல் ஒதுக்கி வைத்தனர். வியாபாரிகள் உள்ளே நுழைந்தால் பள்ளிக்கூடங்களுக்கு மூலையில்கூட இடமிராது என்பதை முந்திய இருபதாண்டு அநுபவத்தால் அறிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது. அப்பகுதியிலுள்ள அலைவரிசைகள் ஏலத்துக்கு விடப்படுவதில்லை. ‘நீ கல்வித் தொண்டு செய்கிறாய், எடுத்துக்கொள்’ என்று விலையின்றி வழங்கப்படுபவை. ஊர்ப் பொதுநிலத்தில் ஒருவர்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்க இடங்கொடுத்தால், அவர் எண்பதாண்டு பந்தல் நடத்திய பின்பு அந்த இடத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போகலாமா? வாங்கியவரும் வேறொரு பந்தல்தான் வைக்கிறார் என்பது ஒருவாறு ஆறுதலே. ஆனால் விலையைப் பெற்றுக்கொண்டவர் யார், எந்த உரிமையால் என்ற வினா அப்படியே நிற்கின்றது.

அமெரிக்கச் சட்டம் இதைத் தடுக்கவில்லை என்பது வாஸ்தவம். மத்திய தகவற் போக்குவரத்து ஆணையம் இத்தகைய மாற்றங்களை அநுமதித்தே வருகின்றது. வாங்குபவரும் வியாபார நோக்கமற்றவராக இருந்தாற் போதும். விலை எவ்வளவு என்று ஆணையம் கவலைப்படுவதில்லை. விலையின்றிக் கொடுத்ததை விலைக்கு விற்க இடந்தரும் சட்டத்தை என்னவென்பது! ஆனால் சட்டத்தின் மற்றொரு கிளை வேறு விதமாகப் பேசிற்று. நிலையத்தின் அன்பர்கள் ஒன்றுகூடி நியாயஸ்தலத்தை நாடினர். நேயர்கள் வானொலிக்கென்று கொடுத்த நன்கொடைகளால் வளர்ந்ததாகையால் அது கலாசாலையின் சொந்தச் சொத்தன்று, தருமச் சொத்து. கலாசாலை அதற்குத் தருமகர்த்தர் மாத்திரமே என்பது அவர்கள் வாதம். 2008-ல் மாவட்ட நீதிபதி இக்கருத்தை ஏற்று, நியாயஸ்தலத்தின் அநுமதியின்றி அதனை விற்றது முறையன்று என்று கூறினார். ஆயினும் விற்பனை குலையவில்லை. நான்காண்டு கழித்து வந்த நியாயம், ஓய்ந்துபோன குரலை எழுப்பவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். விற்கப்பட்டது பாட்டு நிலையமாயின் என்ன, பயிர்த்தொழில் பற்றிப் பேசும் நிலையமாயின் என்ன. சாஸ்திரீய சங்கீதத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பரிவு? அச்சங்கீதம் வியாபாரிகள் நடத்தும் வானொலிக்கு ஒவ்வாதது என்பதே முதற் காரணம். பீத்தோவனுடைய ஒன்பதாவது ஸிம்பனி ஏறக்குறைய 70 நிமிஷம் நிகழ்வது. மத்தேயு சுவிசேஷத்தின்படி பாக் இயற்றிய பாடுகளின் இசை ஏறக்குறைய மூன்று மணி நேரம் செல்லும். சவர்க்கார விளம்பரத்தை எந்த இடத்தில் நுழைப்பது? துண்டு துண்டாக்கினால் இசை போயிற்று. முழுமையாக விட்டால் வருமானம் போயிற்று. ஆகவேதான் பெருநகரங்களிலும் சாஸ்திரீய இசைக்கான வியாபார நிலையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் பல்லாண்டு புகழுடன் விளங்கிய கே. எப். ஏ. ஸி. 1989-ல் அச்சங்கீதத்தைக் கைவிட்டது. நியூயார்க்கில் டபிள்யூ. க்யூ. எக்ஸ். ஆர். என்ற நிலையத்தை அதை நடத்திவந்த பத்திரிகைக் கம்பெனியார் 2009-ல் விட்டுவிட, பொது வானொலியார் எடுத்துக்கொண்டு காத்தனர்.

இன்னுமொன்று. இசை நூலைப் போன்றதன்று. புத்தகசாலை அலமாரியில் ஒரு நூல் நூறாண்டு தூசு படிந்து கிடந்தாலும், எடுத்துப் படிப்பவன் வரும்வரை அது காத்திருக்கும். இசையோ ஒலிக்கும்போதுதான் உளது. மேற்சொன்ன பாக்கின் பேரிசை, அவர் 1750-ல் மறைந்த பின்னர், ஓரிடத்துச் சிலர் தவிர எவரும் கேளாத ஏட்டுச்சுரைக்காயாகவே பல பத்தாண்டு கிடந்தது. 1829-ல் பெர்லின் நகரில், இருபது வயதே நிரம்பிய மெண்டல்ஸான் அதைத் திரட்டிப் பாடுவித்த பிறகே ஐரோப்பா தன் செல்வத்தை அறிந்தது. ஏடு எங்கும் போய்விடவில்லை, பாடத்தான் ஆளில்லை. சர்வகலாசாலை நடத்தும் சங்கீத வானொலியானது வாய்விட்டுப் படிக்கும் புத்தகசாலை என்று நான் எண்ணுகிறேன். எவரும் எடுத்துப் பாராத நூலையும் புத்தகசாலையிற் பேணிக் காப்பது கலாசாலையின் கடமையென்றால், இதுவும் அதன் கடமையே.

கடமை என்று சொல்லிவிடுவது எளிது; நடத்துவது அரிது என்பதற்கு ஹூஸ்டன் நகரத்துக் கதை சான்று. அங்கே ரைஸ் சர்வகலாசாலை மாணாக்கர்கள் தாங்களாகவே நடத்திவந்த கே. டி. ஆர். யூ. என்ற நிலையம் 91.7-ல் 50,000 வாட் வலுவோடு ஒலித்தது. வேறெந்த நிலையமும் சீந்தாத விசித்திரமான இசையெல்லாம் அங்கே இடம்பெறும். 2010-ல் ரைஸ் நிர்வாகத்தார் அதனை ஹூஸ்டன் சர்வகலாசாலைக்கு 95 லட்சம் டாலருக்கு விற்க உடன்பட்டனர். மாணாக்கர் எதிர்த்தும் பயனில்லை. 2011-ல் ஹூஸ்டன் சர்வகலாசாலை தன் பழைய நிலையத்தைச் செய்திக்கென்று ஒதுக்கிவிட்டு, புதிதாக வாங்கிய 91.7-ஐச் சாஸ்திரீய சங்கீதத்துக்கு அர்ப்பணம் செய்தது. சங்கீத ரசிகர்கள் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி எத்தனை நாள்? ஐந்தாண்டு நிறையவில்லை, செலவு கட்டவில்லை என்று 2015-ல் விற்கத் தீர்மானித்து, 2016-ல் கிறிஸ்தவப் பாட்டுக்களை ஒலிபரப்பும் மற்றொரு ஸ்தாபனத்தாருக்கு 1 கோடி டாலருக்கு அதனைக் கொடுத்துவிட்டனர். இப்போது அவ்வலைவரிசையில் மாணாக்கர் குரலும் இல்லை, மொஸார்ட்டும் இல்லை. வாங்கியது கிறிஸ்தவ ஸ்தாபனம் என்பதனால் நம்மவர் சிலருக்கு இது மகிழ்ச்சியாயிருக்கலாம். தேவனைத் துதிக்கும் பாட்டில் எனக்கும் விருப்பந்தான். ஆனால் பாக் எழுதிய பக்கங்களின் அடியில் தேவனுக்கே மகிமை என்று பொருள்படும் எழுத்துக்களைப் பொறித்து வைத்தவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனின், சங்கீதம் காப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சர்வகலாசாலை மற்றொரு சர்வகலாசாலையின் மாணாக்கர் நிலையத்தை விழுங்கிற்று என்பது. ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் இதுவே நடந்தது. யேசு சபையார் நடத்தும் ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலைக்கு 90.3-ல் ஒரு நிலையம் இருந்தது. ஊராரும் மாணாக்கரும் சேர்ந்து நடத்திய கலகலப்பான நிலையம். 2011-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு நாள் காலை, முன்னறிவிப்பு ஏதுமின்றி அதன் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் விலையில் அவ்வலைவரிசை தென் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சார்ந்தவர்களுக்கு மாற்றப்படுவதாக அறிவிப்பு வந்தது. வியாபார நிலையமாக இருந்த கே. டி. எப். ஸி. அங்கே குடியேறிப் பொது நிலையமாயிற்று. இதனால் ஸான் பிரான்ஸிஸ்கோ மக்கள் சாஸ்திரீய சங்கீதத்தை இழவாமற் காத்துக்கொண்டனர். இன்றளவும் அது நல்ல நிலையில் இருக்கின்றது. நான் அச்சங்கீதத்தின் பக்கம் நிற்பவனேயாயினும், அந்த ஜனவரிக் காலையில் நடந்ததை மெச்ச மனம் வரவில்லை. பாட்டுக்குரிய வீட்டை, பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை வெளியே தள்ளித்தான் அமைக்க வேண்டுமா?

வாங்கிய தென் கலிபோர்னியா சர்வகலாசாலையின் சொந்த நிலையமாகிய கே. யூ. எஸ். ஸி.-யின் வரலாறு வேறு வகையில் உவப்பூட்டுவது. எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் பெற்ற ஜார்ஜ் ஆலன் ஹான்காக் என்னும் வள்ளல் 1946-ல் அதனைத் தோற்றுவித்தார். அவர் கப்பலோட்டியவர், விமானம் ஓட்டியவர், செலோ என்னும் பெரு நரம்புக்கருவியும் வாசித்தவர். 1970-களிலிருந்து சாஸ்திரீய சங்கீதத்தையே தன் தொழிலாகக் கொண்டுவிட்ட அந்நிலையம், நேயர்களின் நன்கொடையைப் பெரிதும் நம்பியே நடைபெறுகின்றது. ஆண்டில் சில முறை அறிவிப்பாளர்கள் ‘கொடுங்கள், கொடுங்கள்’ என்று வற்புறுத்தும் நாட்கள் வரும். நேயர்களுக்கு அது பெரிய தொல்லை. ஆயினும் அத்தொல்லையே நிலையத்துக்குக் காப்பு. ஆயிரக்கணக்கானோர் மாதந்தோறும் சிறுதொகை கொடுக்கும் நிலையத்தை ஓர் ஆட்சிக் குழு ஒரே மாலையில் கூடி விற்றுவிடத் துணியாது என்று கருதலாம். செயிண்ட் ஓலாப் துணிந்ததே என்பீராயின், உண்மைதான்; அதனால்தான் கருத்து மட்டும் போதாது, பத்திரம் வேண்டும் என்கிறேன்.

பழி முழுவதையும் ஆட்சிக் குழுக்களின்மேற் சுமத்திவிட எனக்கு விருப்பமில்லை. நிலையங்களும் ஒரு தவறு செய்தன. 1918-ல் செம்புக் கம்பியைச் சுற்றியவர்கள் மாணாக்கர். கருவியைப் பழுதுபார்த்தவர்களும் அவர்களே. அதாவது, வானொலி ஒரு பாடமாக இருந்தது. பின்னர் நிலையம் வளர்ந்தது; தேர்ந்த அறிவிப்பாளர்கள் வந்தனர்; ஒலி நயமாயிற்று; நேயர்கள் பெருகினர்; மாணாக்கரின் தடுமாறும் நாவுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. இது செயிண்ட் ஓலாபைக் குறித்து மட்டும் சொல்வதன்று. அமெரிக்காவில் சர்வகலாசாலைப் பெயரைத் தாங்கிய நிலையங்கள் பலவற்றின் பொதுக்கதை இதுவே. மாணாக்கர் தேவைப்படாத நிலையத்தை ஒருநாள் மாணாக்கரும் தேடமாட்டார்கள். ஆட்சிக் குழுவினர், ‘இஃது ஏன் நம்மிடம் இருக்கிறது?’ என்று கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய பேராசிரியர் ஒருவரேனும் சபையில் இருப்பாரா என்பது ஐயமே. வட கரோலினாவில் பிரஸ்பிட்டேரியன் சபையார் 1837-ல் நிறுவிய டேவிட்சன் கலாசாலை, ஏறக்குறைய இரண்டாயிரம் மாணாக்கரே பயிலும் சிறு கலாசாலை, ஆயினும் டபிள்யூ. டி. ஏ. வி. என்ற சாஸ்திரீய சங்கீத நிலையத்தை 89.9-ல் இன்றும் தன் கையிலேயே வைத்திருக்கின்றது. ஆகையால் சிறிய கலாசாலையால் இயலாது என்ற வாதம் செல்லாது.

‘இப்போது இணையத்தில் எல்லா இசையும் கிடைக்கின்றதே, கோபுரமும் அலைவரிசையும் எதற்கு?’ என்பார்க்கும் விடை கூற வேண்டும். கிடைப்பது உண்மை. கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். ப்ராம்ஸ் என்ற பெயரையே அறியாதவன் இணையத்தில் எதைத் தேடுவான்? வானொலியின் பெருமை, தேடாதவன் காதிலும் விழுவது. தச்சுப்பட்டறையிலோ, வண்டி ஓட்டும்போதோ, விசையைத் திருகிய கை தற்செயலாக நின்ற இடத்தில் ஒரு ராகம் மனத்தைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் ஒரு மனிதக் குரல், இன்னார் இயற்றியது, இன்ன காலத்தில், இன்னார் வாசித்தது என்று தெளிவாக எடுத்துச் சொல்லும். இயந்திரம் நமக்கு முன்பே பிடித்தவற்றைப் போன்றவற்றையே எடுத்துக் கொடுக்கின்றது. நல்லாசிரியனோ நமக்குப் பிடிக்குமென்று நாமே அறியாததைக் கொண்டுவந்து வைக்கிறான். அன்றியும் வானொலி கேட்பதற்கு மாதக் கட்டணம் இல்லை. ஏழை மாணாக்கன் இதை நன்கு உணர்வான்.

2025-ம் ஆண்டு இந்நிலையங்களுக்கு மற்றொரு இடி விழுந்தது. 1967-ம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஈராண்டுக்கென்று முன்னரே அளித்திருந்த ஏறக்குறைய 110 கோடி டாலரை அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கழகமும் தன் காரியாலயத்தை மூடும் வேலையில் இறங்கிற்று. செய்தி நிலையங்களைப் பற்றியே பலரும் பேசினர். ஆனால் இசைக்குரிய பதிப்புரிமைக் கட்டணங்களைப் பொது நிலையங்கள் அனைத்துக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்துச் செலுத்திவந்தது அக்கழகமே. பாட்டையே தொழிலாகக் கொண்ட நிலையத்துக்கு இந்நஷ்டம் எத்தகையது என்பது எளிதில் விளங்கும். இனிப் பல ஆட்சிக் குழுக்களின் மேசைமேல் விற்பனைக் கடிதங்கள் வந்து காத்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கணக்குப் புத்தகம் சிவந்திருக்கும்போது, கோடி டாலர் என்ற சொல் மிகவும் இனிய சங்கீதமாகவே ஒலிக்கும்.

ஆகையால் காலந்தாழ்த்தாது செய்யத்தக்கவை சில உண்டு. வானொலி வைத்துள்ள ஒவ்வொரு கலாசாலையும், வானொலிக்கென்று வந்த நன்கொடையைத் தனிக் கணக்கில் வைத்து, அது தருமச் சொத்து என்று இப்போதே பத்திரம் எழுதிப் பதிந்து வைத்தல் வேண்டும். நடத்தவே இயலாத நிலை வருமாயின், நேயர்களுக்கு ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் ஒரு கழகமாகக் கூடி ஏற்றுக்கொள்ள முதல் வாய்ப்பளித்தல் வேண்டும். விலையும், கருவிகளுக்குரிய நியாயமான மதிப்பே அன்றி அலைவரிசைக்கு அன்று. மின்னெசோட்டாவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. காலேஜ்வில் என்னுமிடத்தில் பெனடிக்டின் துறவியர் நடத்தும் செயிண்ட் ஜான்ஸ் சர்வகலாசாலை 1967-ல் ஒரு சாஸ்திரீய சங்கீத நிலையத்தைத் தொடங்கியது. பாரம் தாங்கமாட்டாதென்று கண்டு, இரண்டாண்டுக்குப் பின் அதனைத் தனித்த பொதுக் கழகமொன்றின் வசமாக்கிவிட்டு விலகிக்கொண்டது. அக்கழகமே பின்னாளில் மின்னெசோட்டா பொது வானொலியாக வளர்ந்து, செயிண்ட் ஓலாப் நிலையத்தை விலைக்கு வாங்கிற்று.

செயிண்ட் ஓலாப் நிலையம் ஓய்ந்த அதே 2004-ம் ஆண்டில், பிப்ரவரி மாதத்தில், சென்னை அண்ணா சர்வகலாசாலையில் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு நிலையம் எழுந்தது. கல்வி நிலையங்களும் வானொலி நடத்தலாம் என்று 2002-ல் இந்திய அரசாங்கம் வகுத்த விதியின் பயனாக இந்நாட்டில் தோன்றிய முதல் வளாக வானொலி அதுவே. அதன்பின் நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றுக்கு இத்தகைய உரிமம் கிடைத்துள்ளது. இவற்றின் வலு 100 வாட் அளவே. ஊர் எல்லை தாண்டுவது அரிது. அமெரிக்க நிலையங்களின் முன்னே குன்றிமணி போன்றவை. ஆனால் அவற்றுக்கு அரசாங்கம் கொடுக்கும் அநுமதிப் பத்திரத்தில், இவ்வுரிமம் பிறருக்கு மாற்றத்தக்கதன்று என்னும் பொருளில் ஒரு விதி இருக்கின்றது. நமது கல்லூரிகளுள் எவையேனும் அவ்வுரிமத்துக்கு விண்ணப்பம் செய்ய நினைத்தால், அதை ஒரு தடையாக எண்ணி முகஞ்சுளியாது, முதற் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்வார்களாக. மிச்சமுள்ள வேலை, மாலையில் ஒரு மணி நேரமாவது பாட்டுப் பாடவும், பாடியவர் பெயரைத் திருத்தமாக உச்சரிக்கவும் நம் மாணாக்கரைப் பழக்குவது.